ஆற்றின் இரு முனையிலும் ஒரு குரங்கு

மகாவலி கங்கை கடலோடு கலக்குமிடம் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாற்றுக்குத் தலைநீர் வழங்கும் நிலங்களுள் ஒன்று ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், புல்வெளியும் முகிற்காடும் மாறிமாறிக் கிடக்கும் மேட்டுநிலம் அது. ஆறு முடியும் உலர்நிலத்திலும் செங்குரங்கு உண்டு. ஆறு தொடங்கும் குளிர்மலையிலும் செங்குரங்கு உண்டு. இரண்டும் ஓரினமே. ஆயினும் கீழே பழகிய கண்ணோடு மேலே போய்ப் பார்ப்பவர், இது வேறேதோ விலங்கு என்றே முதலில் எண்ணுவார்.

திருகோணமலையை அடுத்த நிலாவெளியில் வாழ்பவருக்குக் குரங்கைக் காண மலையேற வேண்டிய தேவை இல்லை. அது தானே வந்து காட்சி தரும். கூரை ஓட்டைப் பிரட்டும், குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறியும், திறந்து கிடந்த அடுக்களைக்குள் புகுந்து பாத்திரத்தை உருட்டும். கன்னியாவிலும் கோணேசர் மலையிலும் கையில் வாழைப்பழத்தோடு நிற்பவரின் கலக்கத்தைச் சொல்லத் தேவையில்லை. இதனால் குரங்கைப் பற்றி நாம் அறிந்தவை யாவும், குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பற்றி வழக்காளி அறிந்தவைபோல் இருக்கின்றன. என்ன திருடியது என்பது தெரியும். யார், எக்குடி, எவ்வொழுக்கம் என்பன தெரியா. வேனிலில் பாலையும் வீரையும் பழுக்கும்போது, ஊரைவிட்டு விலகிய காட்டில் அதே குரங்கைப் பார்த்தால் அதன் மெய்யான வாழ்க்கை ஓரளவு புலப்படும். அங்கும் அது பரபரப்பாகவே இருக்கும். ஆனால் அப்பரபரப்பு மனிதரை நோக்கியதாக இராது.

செங்குரங்கு இலங்கைக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் காணும் நாட்டுக் குரங்கு அதன் நெருங்கிய உறவு. பனிக்காலங்களில் கடல் தாழ்ந்து, பாக்குநீரிணை நடந்து கடக்கும் நிலமாய் இருந்த காலங்கள் பலமுறை வந்துபோயின. அவ்வழியே வந்த மூதாதையரின் வழித்தோன்றல்கள், கடல் மீண்டும் உயர்ந்தபின் தீவுக்குள் தனித்துத் தம் போக்கில் மாறின. தன் பேரினத்துள் மிகச் சிறியவற்றுள் ஒன்று இது. முதிர்ந்த கடுவன் ஐந்தாறு கிலோகிராம் இருக்கும். மந்தி அதைவிடச் சிறிது. உச்சந்தலையின் நடுவிலிருந்து சுற்றிலும் படர்ந்து விழும் மயிர் ஒரு தொப்பிபோல் அமைவது இதன் அடையாளம். கிடைத்ததை உடனே விழுங்காமல் திணித்து வைத்துக்கொள்ளக் கன்னங்களுக்குள் பைகள் உண்டு. போட்டி மிகுந்த கூட்டத்தில் இது மதிநுட்பமான ஏற்பாடு. எனினும் முழுப் பாதுகாப்பன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

இவ்வினத்துள் மூன்று துணையினங்களை விலங்கியலார் பிரித்துள்ளனர். வடக்கு, கிழக்கு உலர்நிலத்தில் வாழ்வது ஒன்று, தென்மேற்கின் ஈரத் தாழ்நிலத்தில் வாழ்வது இன்னொன்று, உயர்மலையில் வாழ்வது மூன்றாவது. மலைக்குரங்கைத் தனித் துணையினமாக 1942 இல் விவரித்தவர் ஒஸ்மன் ஹில். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர் அவர். மருத்துவ மாணவருக்கு மனித எலும்பைக் காட்டிய கை குரங்கின் தோலையும் மயிரையும் அளந்ததில் வியப்பில்லை. மலைவாழ் தேவாங்கையும் அவரே அதே ஆண்டில் விவரித்தார். அழிந்துபோயிற்றோ என்று நெடுங்காலம் ஐயுறப்பட்ட அத்தேவாங்கின் நிழற்படம் 2010 இல் வெளியானபோது உலகச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அதே காட்டில், அதே குளிரில், பகல் வெளிச்சத்தில் திரியும் குரங்கை எவரும் அவ்வாறு கொண்டாடவில்லை. எளிதில் கண்ணிற்படுவது எளிதில் மதிப்பிழக்கிறது போலும்.

மலையேற்றத்தை வெப்பமானியைக் கொண்டு அளப்பது பயன்தரும். வளிமண்டலத்தில் ஒரு கிலோமீற்றர் மேலே சென்றால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நிலாவெளிக் கரையில் ஆண்டுச் சராசரி 28 பாகையை ஒட்டி இருப்பதாகக் கொண்டால், 2,100 மீற்றர் உயரத்தில் 14 பாகைக்கு அருகே வரவேண்டும். ஹோட்டன் சமவெளியில் அளந்து கண்ட சராசரியும் 13 பாகை அளவில் நிற்கிறது. இது சராசரி மட்டுமே. ஆண்டின் தொடக்க மாதங்களில், முகிலற்ற இரவுகளில் அங்கே புல்நுனியில் உறைபனி படியும். நள்ளிரவிலும் வியர்க்கும் ஊரில் ஒரு பிரிவு, நீர் உறையும் மேட்டில் மற்றொரு பிரிவு. இரண்டுக்கும் உள்ள உடல் ஒன்று, உடல்வெப்பமும் ஏறத்தாழ ஒன்று. குளிர்நாட்டு விலங்குகள் பருத்த உடல் கொள்ளும் என்று பெர்க்மன் 1847 இலும், அவற்றின் காது, வால் முதலிய உறுப்புகள் குறுகும் என்று ஆலன் 1877 இலும் எழுதினர். பருமனோடு ஒப்பிடும்போது பரப்புக் குறைந்தால் வெப்ப இழப்பும் குறையும் என்பதே இரண்டின் அடிப்படை. உறைபனியில் வாழும் யப்பானியக் குரங்கின் வால் பத்துச் சென்ரிமீற்றர் அளவே. நம் செங்குரங்கின் வாலோ உடலின் நீளத்துக்கு நிகரானது. கிளைவிட்டுக் கிளை தாவும்போது அதுவே நிறைகோல்.

மலைச் செங்குரங்கு குளிருக்குச் சொன்ன மறுமொழி மயிரில் இருக்கிறது. திருகோணமலைக் குரங்கின் மயிர் குட்டை. மேனியின் கோடுகள் வெளித்தெரியும். மலைக்குரங்கின் மயிர் நீண்டு அடர்ந்து, உடலின் உருவையே மறைத்துவிடும். தலைத்தொப்பியின் மயிரும் நெற்றிமேல் நீண்டு தொங்கும். மயிருக்கும் தோலுக்கும் இடையே சிறைப்பட்ட காற்றுதான் அங்கே கம்பளி. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதை அசையாது பிடித்துவைக்க நீண்ட மயிர் வேண்டும். மழையில் நனைந்து மயிர் ஒட்டிப்போனால் அக்காற்று வெளியேறிவிடும். ஆகவே மூடுபனி விலகி வெயில் விழுந்த உடனே, மலைக்குரங்குகள் கிளைநுனிக்கு வந்து மார்பை வெயிலுக்குக் காட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இதைவிடத் தெளிவான சான்று முசுக்கள் என்னும் குரங்குகளிடம் உண்டு. திருகோணமலைப் பகுதியில் இருவகை முசுக்கள் வாழ்கின்றன. சாம்பல் மேனியும் கரிய முகமும் கொண்டு, பெருங்கூட்டமாய் நிலத்தில் இறங்கி உலவுவது ஒன்று. அது உலர்நிலத்தை விட்டு மலைக்கு ஏறுவதில்லை. மற்றொன்று ஊதாமுக முசு. இதுவும் இலங்கைக்கே உரியது. காட்டின் மேற்கவிகையை விட்டு இறங்க விரும்பாதது. இது உலர்நிலம், ஈரநிலம், மலை எங்கும் நான்கு துணையினங்களாகப் பரந்திருக்கிறது. மலையில் வாழ்வதற்கு மயிர் அத்துணை அடர்ந்திருப்பதால் வெள்ளைத் தோட்டத்துரைமார் கரடிக்குரங்கு என்றே அழைத்தனர். கீழிருந்து பார்க்கும்போது அப்பெயர் மிகையன்று.

கரடிக்குரங்குக்கு 1850 இல் அறிவியற்பெயர் சூட்டியவர் எட்வர்ட் பிரெடெரிக் கேலார்ட். இலங்கையிற் பிறந்த படை மருத்துவர். தீவின் முலையூட்டிகளையும் பறவைகளையும் பற்றி 1852 இல் நூல் வெளியிட்டவர். மலையின் குரங்கைப் பெயரிட்ட அவரேதான் பின்னர் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துப் பாறையிடுக்குகளில் ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடி எடுத்து, பலவற்றை உலகுக்கு முதன்முதலாக விவரித்தவர். கடல் நத்தைகளை ஆராயும் உலகில் அவ்வினங்களோடு நம் துறைமுகத்தின் பெயரும் வழங்குகிறது. துறைமுகத்து ஊரில் கேலார்ட்டின் பெயரைக் கேள்விப்பட்டவர் அரியர்.

முசுவின் வயிற்றைப் பற்றி நின்று பேசியாக வேண்டும். செங்குரங்கு பழம், விதை, பூச்சி, பூ எனக் கிடைத்ததைத் தின்னும். முசு இலைதின்னி. முற்றிய இலை நார் நிறைந்தது. பல இலைகளில் நஞ்சும் உண்டு. பாலூட்டிகள் எவற்றிடமும் நாரைத் தாமே சிதைக்கும் நொதியம் இல்லை. ஆகவே முசுவின் இரைப்பை பல அறைகளாக விரிந்து, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைக்கும் கலமாக மாறியிருக்கிறது. நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துப் பெருகும். பெருகிய நுண்ணுயிர்களைப் பின்னர் முசுவே செரித்துக்கொள்ளும். பயிர்செய்து அறுவடை செய்வது போன்ற இவ்வேற்பாட்டில் அரிவாளாக அமைவது லைசோசைம் என்னும் நொதியம். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமியைக் கொல்லும் அதே நொதியந்தான் முசுவின் இரைப்பைக்குள் அமிலத்தைத் தாங்கி வேலைசெய்யுமாறு மாறியிருக்கிறது. வியப்பு இனித்தான். இலைதின்னும் குரங்கின் லைசோசைமில் நேர்ந்த மாற்றங்கள் சில, பசுவின் லைசோசைமில் நேர்ந்தவற்றையே ஒத்துள்ளன என்று ஸ்டுவர்ட்டும் வில்சனும் அவர்தம் துணைவரும் 1987 இல் காட்டினர். பசுவும் முசுவும் நெருங்கிய உறவினர் அல்லர். ஒரே இடுக்கண் இருவரையும் ஒரே தீர்வுக்குத் தள்ளியது. ஆகவே முசுவுக்குப் பாணும் வாழைப்பழமும் கொடுப்பது அன்பாகாது. மாப்பொருளும் சர்க்கரையும் அக்கலத்தில் விரைந்து புளித்து அமிலத்தை ஏற்றும், நோய் வரும், உயிரும் போகலாம்.

கரடிக்குரங்கு வாழும் மலைக்காடு இன்றளவும் எஞ்சியிருப்பது குரங்கின் மீதுள்ள இரக்கத்தால் அன்று. கோப்பித் தோட்டத்துக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 1873 இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டவேண்டாம் என்று அறிவுரைத்தார். காடு அழிந்தால் ஆறு வற்றும் என்பதே கவலை. அறிவுரை முழுதும் காக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றியுள்ள தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் அதற்குச் சான்று. ஹோட்டன் சமவெளி தப்பியது. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமை நிலமானது. ஆற்றுக்காகக் காத்த காட்டில் குரங்கும் பிழைத்துக்கொண்டது. ஆயினும் பல பத்தாண்டுகளாக அங்கே மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து இறந்துவருகின்றன. மேற்கவிகையில் வாழும் கரடிக்குரங்குக்கு ஒரு மரம் பட்டுப்போவது பாதையில் ஒரு பாலம் இடிவதற்குச் சமம்.

ஆற்றின் இடைவழியில் பொலன்னறுவை. செங்குரங்கைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவ்விடிபாடுகளிடையே கிடைத்தது. 1968 இல் அங்கு வந்த வுல்ஃப்கங் டிட்டஸ், ஒவ்வொரு குரங்கையும் முகக்குறியால் தனித்தனியே அடையாளங்கண்டு, பிறப்பும் இறப்பும் உறவும் பகையும் பதிந்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய அவ்வாய்வு அரை நூற்றாண்டைக் கடந்தது. டிஸ்னி நிறுவனம் 2015 இல் வெளியிட்ட குரங்குப் படமும் அவர் பின்தொடர்ந்த கூட்டங்களையே காட்டியது. கூட்டத்தின் முதுகெலும்பு மந்திகள். தாயின் நிலையே மகளின் நிலை; பிறந்த கூட்டத்திலேயே மகள் வாழ்ந்து முடிவாள். கடுவன் பருவம் எய்தியதும் வெளியேறி வேறு கூட்டம் தேடவேண்டும், பலர் அவ்வழியில் மடிவர். நிறையப் பழமுள்ள மரத்தைக் கண்ட குரங்கு தனி ஒலி ஒன்றை எழுப்பும், கேட்டவை ஓடிவரும். அவ்வொலி உணர்ச்சிக் கூவலன்று, உணவிருக்கும் செய்தியை உணர்த்தும் குறி என்று டிட்டஸ் 1984 இல் எழுதினார்.

ஓடிவந்தபின் நடப்பது இனிமையானதன்று. மேல்நிலையார் கீழ்நிலையாரை மரத்திலிருந்து விரட்டுவர். வாயைத் திறந்து, கன்னப்பையில் சேர்த்ததையும் தோண்டி எடுத்துக்கொள்வர். பஞ்சத்தில் முதலில் சாவது இளம் மந்திகளும் குட்டிகளும். கூட்டத்தின் தொகையைக் கட்டுப்படுத்துவது பசி. அப்பசியைப் பங்கிடுவது படிநிலை. 1978 நவம்பரில் மட்டக்களப்பை உலுக்கிய சூறாவளி பொலன்னறுவைக் காட்டையும் தாக்கி, மரங்களுள் ஏறத்தாழப் பாதியை வீழ்த்தியும் முறித்தும் போட்டது. கிழக்கு மக்கள் தம் வீடுகளின் இழப்பால் நினைவிற்கொண்ட அந்த இரவு, காட்டின் உணவு குறைந்தால் குரங்குக் கூட்டம் எவ்வாறு சுருங்கும் என்பதை அளக்கும் வாய்ப்பாகவும் அமைந்தது.

உணவைக் கூட்டினால் என்னாகும் என்பதற்கு யப்பான் விடை தந்தது. ஒயிட்டா நகரை அடுத்த தக்காசாக்கி மலையில் 1953 இல் குரங்குப் பூங்கா திறக்கப்பட்டு, நாள்தோறும் உணவு இடப்பட்டது. இருநூறு அளவில் இருந்த குரங்குகள் மூன்று பத்தாண்டுகளுக்குள் இரண்டாயிரத்தை எட்டின. பயிர் பாழானது, காடும் பாழானது. பின்னர் உணவைக் குறைக்கவேண்டி வந்தது. வெந்நீரூற்றில் குளிக்கும் குரங்குகளால் பெயர்பெற்ற ஜிகொக்குதானி 1964 இல் திறக்கப்பட்டது. குளித்த மந்திகளின் உடலில் மன அழுத்தச் சுரப்பு குறைவதை 2018 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் கன்னியாவிலும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன, குரங்கும் உண்டு. இங்குள்ள வெயிலில் அவற்றுக்கு அக்குளியல் வேண்டியதில்லை. நல்லவேளை, கிணறுகளாவது மனிதருக்கு மிஞ்சின.

ஆகவே மலைக்குச் சென்று குரங்கைக் காண விரும்புவோர் எங்கே நின்று காண்கிறோம் என்பதை எண்ணவேண்டும். நுவரெலியாவை அடுத்த சீதையம்மன் கோயிலிலும், 1861 இல் சின்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலத் தாவரப் பூங்காவிலும் மலைச் செங்குரங்கு அருகில் வரும். மயிரையும் தொப்பியையும் நன்கு பார்க்கலாம். ஆனால் அங்கே காண்பது உணவு இடப்பட்ட ஒழுக்கம். படிநிலைச் சண்டை மிகும், அலைச்சல் குறையும். காட்டு ஒழுக்கத்தைக் காணவேண்டின் பட்டிப்பொல அல்லது ஒகிய வழியாக மேலே ஏறவேண்டும். இலங்கைத் தொடருந்துப் பாதையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொல 1,891 மீற்றரில் உள்ளது. ஹோட்டன் சமவெளிப் பூங்கா வாயிலில் பொலித்தீனைக் களைந்து வைத்துவிட்டே உள்ளே விடுவர். அதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை. மக்கள் கூட்டம் உலக முடிவுப் பாறையை நோக்கி விரையும். குரங்கு தேடுவோர் அவ்விரைவில் சேராமல், புல்வெளி முடிந்து காடு தொடங்கும் ஓரங்களில் நிற்பது நன்று. விடியலில் கரடிக்குரங்குக் கடுவனின் கரகரத்த முழக்கம் ஒரு சரிவிலிருந்து எழும். மறு சரிவிலிருந்து மறுமொழி வரும். ஒலி வந்த திசையைக் குறித்துக்கொண்டு, கிளை அசைவதைப் பாருங்கள். பத்து மணிக்குமேல் மூடுபனி ஏறினால் கேட்பது மட்டுமே எஞ்சும். அருகில் வந்து கையேந்தாத குரங்கு நமக்குப் புதுமையாக இருக்கும்.

அத்தகைய குரங்கு அரசின் எண்ணிக்கையில் அகப்படுவதில்லை. அரசு 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடெங்கும் மக்களைக் கொண்டே பயிருண்ணும் விலங்குகளை எண்ணியது. செங்குரங்கு ஐம்பது இலட்சத்தைத் தாண்டும் என்று தொகை வெளியானது. தோட்டத்திலும் முற்றத்திலும் நின்று எண்ணிய எண்ணிக்கை, தோட்டத்துக்கு வரும் குரங்கையே எண்ணும். பக்கத்து வளவுக்காரரும் அதே கூட்டத்தை எண்ணியிருப்பார். உழவரின் துயரை நான் மறுக்கவில்லை. குரும்பை இழந்தவருக்கு உயிரியல் பாடம் ஆறுதலாகாது. ஆனால் ஒரே தொகைக்குள் மூன்று துணையினங்களையும் அடக்கிவிட்டு, அதன்மேல் கொள்கை வகுப்பது பிழை. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் எண்ணம் 2023 இல் எழுந்து, வழக்குக்குப் பின் கைவிடப்பட்டது. பிடித்து வேறு காட்டில் விடும் கோரிக்கை மட்டும் ஓயவில்லை. உலர்நிலத்திற் பிடித்த குரங்கை மலைக்காட்டில் இறக்கினால், குட்டை மயிரோடு உறைபனியில் அது மடியக்கூடும். மடியாது பிழைத்தால் மலைக்குரங்கின் மரபோடு கலக்கும். கூண்டு வைக்கும் அலுவலர் தொகையை எழுதுமுன் அதன் தலைமயிரின் நீளத்தை அளந்து எழுதட்டும்.